மாற்றுப்பாதை மகாத்மியம்

அரசாங்கத்துக்குக் காலத்தோடு மாறத் தெரியாது என்று சொல்லித் திரிகிறவர்களை ஒரு மழைக்காலத்தில் எங்கள் குப்பனூர் சோதனைச் சாவடிக்குக் கூட்டிவந்து அரைநாள் நிறுத்தி வைக்க வேண்டும். சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவோடு ஏற்காட்டுக்கு ஏறுகிறதே, அந்தப் பெரிய ரோட்டில் ஒரு பாறை உருண்டால் போதும். மறுநாள் பேப்பரில் எங்கள் ஊர்ப் பெயர் வந்துவிடும். வண்டிகளெல்லாம் அயோத்தியாப்பட்டணம் சுற்றி, குப்பனூரில் ஏறி, கொட்டச்சேடு வழியாக மேலே போகட்டும் என்று அறிவிப்பார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மலைகளைக் கரைத்து ரோட்டில் கொட்டிய நாட்களிலும் இந்தப் பெயர் அடிபட்டது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கும் போக ஒரு வழி, இறங்க எங்கள் வழி. மற்ற நாட்களில் இந்த ரோட்டை யாரும் தொந்தரவு செய்வதில்லை. விழா முடிந்தால் பந்தலைப் பிரிப்பதுபோல, பாறையை அகற்றியதும் குப்பனூரையும் பிரித்து வைத்துவிடுவார்கள்.

இதைக் குறையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆட்சிக் கலையின் முழு ரகசியமும் இந்த ரோட்டில் இருக்கிறது. மாற்றம் என்பது பெரிய தொல்லை. பழைய பாதையைத் தோண்ட வேண்டும், வளைவை நிமிர்த்த வேண்டும், மலையோடு மல்லுக்கட்ட வேண்டும். மாற்றுப்பாதைக்கு ஒரு தகரப் பலகை போதும். உலகத்துப் பல்கலைக்கழகங்களில் பொது நிர்வாகத்தைக் காலத்துக்கேற்ப மாற்றுவது எப்படி என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதுகிறார்கள். பாவம், அவர்கள் இந்தப் பக்கம் பஸ் ஏறி வந்ததில்லை.

எங்கள் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் பரம்பரைப் பெருமையும் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகப் போய், வயல் வயலாக அளந்து, குடியானவனோடு நேரடியாக வரி பேசியது இங்கேதான். பிற்பாடு ராஜதானி முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை தவழப் பழகிய மண் இது. அந்த வரிக் கணக்கை வருஷாவருஷம் தீர்ப்பதற்கு ஏற்பட்ட ஜமாபந்தி இன்றும் மே, ஜூனில் தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு நடக்கிறது. நிலவரி பெயரளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. ஜமாபந்தி மிஞ்சியது மட்டுமல்ல, செழித்திருக்கிறது. அதிலும் எனக்கு மெய்சிலிர்ப்பது பசலி. என் கைப்பேசி 2025 என்று காட்டிய அதே வெயிலில், ஜமாபந்திப் பந்தலில் தொங்கிய பேனர் 1434 என்றது. அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வரி வசூலிக்க வகுத்த கணக்கு அது. அக்பரும் போய்விட்டார், அறுவடையும் பாதி போய்விட்டது. ஆறு நூற்றாண்டு பின்தங்கிய ஒரு வருஷத்தில் உட்கார்ந்துகொண்டு, அதையே கணினியில் ஏற்றி, கியூஆர் கோடு ஒட்டித் தருகிற துணிச்சல் வேறு எந்த நிறுவனத்துக்கு வரும்?

கோப்பு என்ற கலையையும் சொல்லியாக வேண்டும். நம் ஆபீஸ் நடைமுறைக்குத் தகப்பன் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. சென்னை ராஜதானியில் அவர் வகுத்த முறைதான் சுமார் நூறு வருஷமாக நம் கலெக்டர் ஆபீஸ்களில் நடக்கிறது. தபால் வந்தால் ந.க. எண், அது எழுத்தருடைய தன்பதிவேட்டில் ஒரு வரி, முடித்தால் முடிவு. அந்த முடிவிலும் எத்தனை நுட்பம்! ஓ.மு. என்றால் ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டியது, மூ.மு. மூன்று வருஷம், ப.மு. பத்து வருஷம், நி.மு. நிரந்தரம். ஒரு காகிதத்தை எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று இத்தனை கரிசனமாக யோசித்த நிர்வாகம் இது. மனுக் கொடுத்தவர் எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார் என்பது வேறு துறையின் வேலை.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொன்னால் விளங்கும். எங்கள் அப்பாருக்கு இருந்த கொஞ்சம் நிலத்துக்கு 1980களில் யூ.டி.ஆர். வந்தது. பழைய பதிவேடுகளைப் புதுப்பித்த பெரிய திட்டம். அதில் யாரோ ஒருவர் பேனா சற்றே வழுக்கியதில், அப்பன் என்று முடிய வேண்டிய அப்பாருடைய பெயர் அம்மன் என்று முடிந்துவிட்டது. இரண்டு எழுத்துப் பிசகில் குடியானவனைக் குலதெய்வமாக்கிய பெருந்தன்மைக்கு அப்போதே நாங்கள் கும்பிட்டிருக்க வேண்டும். தெரியாமல் போய்விட்டது. பிறகு பதிவேடுகள் கணினிக்கு ஏறின. அம்மனும் ஏறினாள். முன்பெல்லாம் தப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தாலுகா ஆபீசுக்குப் போய், ரெக்கார்டு ரூமில் ஆளைப் பிடித்து, தூசு தட்ட வேண்டும். இப்போது நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட வீட்டில் படுத்தபடியே எங்கள் தப்பை நான் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அதன் மெய்த்தன்மையைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. சரிபார்த்தேன். மெய்யான தப்புதான்.

திருத்தச் சொல்லி ஓர் ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம், நல்லவர்கள். அங்கிருந்த அம்மணி என் மனுவைக் கணினியில் ஏற்றினார். எண் விழுந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்தார். மேசை இழுப்பறையிலிருந்து கோந்து டப்பாவை எடுத்து, ஆள்காட்டி விரலால் வழித்து, அச்செடுத்த காகிதத்தின் நான்கு ஓரத்திலும் பொறுமையாகத் தடவி, நீளமான தன்பதிவேட்டில் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு பக்கத்தில் சிவப்பு மையால் அதே எண்ணைக் கையாலும் எழுதினார்.

"ஏனுங்க, சிஸ்டத்துல ஏத்திட்டீங்களே, அப்புறம் எதுக்குங்க இது?" என்றேன்.

"சிஸ்டம் படுத்துக்கிச்சுன்னா நீங்க யாரைக் கேப்பீங்க?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. காகிதம் எரிந்தால் கணினி இருக்கிறது, கணினி படுத்தால் கோந்து இருக்கிறது. ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துப் பாராட்டிய அதே மனத்தோடு அந்த அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். புதுக் கணினிகள் இரண்டின்மேல் உறை பிரிக்காத பிளாஸ்டிக் பளபளத்தது. சுவரில் மக்கள் சாசனப் பலகை, எந்தச் சேவை எத்தனை நாளில் என்று எனாமல் எழுத்தில். 1991இல் இங்கிலாந்தில் ஜான் மேஜர் கொண்டுவந்த யோசனை அது. 1997இல் டெல்லியில் முதலமைச்சர்கள் கூடி நமக்கும் வேண்டும் என்றார்கள், வந்தது. வெயிலும் மழையும் உரசலும் படாத இடத்தில் மாட்டியிருப்பதால் அந்தப் பலகை இன்றும் புத்தம் புதிதாக இருக்கிறது.

இ-சேவை வந்த பிறகு ஆபீசுக்கே போக வேண்டாம் என்றாகிவிட்டது. நான் நின்ற வரிசையில் மலைமேலிருந்து இறங்கி வந்த ஒரு பாட்டி இருந்தார். வருமானச் சான்று வேண்டும். ரேஷன் கார்டு, போட்டோ, அறுபது ரூபாய் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் முடிந்து, முறைப்படி கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டர் பையன், "ஆயா, ஓடிபி வேணும்" என்றான்.

"அது எந்த ஆபீசுல தருவாங்க, கண்ணு?"

"ஆபீஸ்ல இல்ல ஆயா, போன்ல வரும்."

"கையெழுத்து யாரு போடுவாங்க?"

பையன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. அறுபது வருஷம் இந்த அரசாங்கத்தோடு புழங்கியதில், ஒரு காகிதத்தைக் கேட்டால் அதற்கு முன் இன்னொரு காகிதம் கேட்பார்கள் என்பதைப் பாட்டி சரியாகப் படித்து வைத்திருந்தார். ஓடிபியும் அப்படி ஒரு காகிதம் என்று அவர் எண்ணியதில் பிழை ஒன்றுமில்லை. ஆதாரோடு இணைத்த எண் மலைமேல் பேரனிடம் இருந்தது. பேரனுக்கு சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் அவன் தோட்டத்தை விட்டு ஏறி ஒரு பாறைமேல் நிற்க வேண்டும். அவன் நிற்க வேண்டும் என்று சொல்வதற்கும் சிக்னல் வேண்டும். கடைசியில் பாட்டி மறுபடி பஸ் ஏறிப் போனார். மறுநாள் பேரன் பாறைக்கு ஏறுகிற நேரத்தைப் பேசி வைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

இதில் உள்ள நிர்வாக மேதைமையைக் கவனியுங்கள். முன்பு விண்ணப்பத்தை எழுத எழுத்தர், கொண்டு போக டவாலி, பதிய இன்னொருவர் என்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தது. இப்போது விவரம் சேகரிப்பது, ஸ்கேன் எடுப்பது, பதிவேற்றுவது, கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய் "ஆன்லைனில் போட்டிருக்கிறேன், பார்த்து அனுப்புங்க" என்று நினைவூட்டுவது, அவர் கேட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜெராக்ஸ் கொடுப்பது எல்லாம் நம் வேலை. ஏழரைக் கோடிப் பேரையும் அகவிலைப்படி, ஓய்வூதியம், சங்கம் எதுவும் இல்லாத அரசு ஊழியராக்கி, வேலைக்குச் சேர அவர்களிடமே அறுபது ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

பாட்டியின் பேரனுக்கு இன்னொரு காகிதம் பாக்கியிருப்பதையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார். சேர்வராயன் மலையில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பழங்குடிச் சாதிச் சான்றை 1989லிருந்து தாசில்தார் தர முடியாது, ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். போலிகள் புகுந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம். தாத்தா மலையாளி, அப்பா மலையாளி, இருவருக்கும் அரசாங்கமே முத்திரை போட்டுக் கொடுத்த சான்று இருக்கிறது. பேரன் மட்டும் விசாரணைக்கு உரியவன். தன் கையெழுத்தையே நம்பாத அரசாங்கத்தைவிட அடக்கமான அரசாங்கத்தை நான் கண்டதில்லை.

நிர்வாகம் மாறவில்லை என்று சொல்பவர்கள் தமிழ் இலக்கணமும் படிக்காதவர்கள். மனு வாங்கும் திட்டங்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2016 ஜனவரியில் 1100 என்ற எண்ணோடு அம்மா அழைப்பு மையம் வந்தது. அது எட்டாம் வேற்றுமை, விளி. 2021இல் ஆட்சி மாறியதும் உங்கள் தொகுதியில் முதலமைச்சர். 'இல்', ஏழாம் வேற்றுமை. 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர். 'உடன்', மூன்றாம் வேற்றுமை. 2024 ஜனவரியில் உங்களைத் தேடி உங்கள் ஊரில். இரண்டும் ஏழும் ஒரே பெயரில், உருபு விரயம் என்று யாரும் சொல்லக் கூடாது. 2025 ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் தொடங்கியது உங்களுடன் ஸ்டாலின். மறுபடி மூன்றாம் வேற்றுமை. பத்து வருஷத்துக்குள் இத்தனை வேற்றுமையைத் தொட்ட நிர்வாகம் வேறெங்கே உண்டு? விட்டுப்போனவற்றில் ஒன்று 'கு' என்ற நான்காம் வேற்றுமை. அதற்குக் கொடைப்பொருள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். உங்களுக்கு என்று தொடங்கும் பெயர் வந்துவிட்டால் எதையாவது கொடுக்க வேண்டி வருமோ என்ற ஜாக்கிரதை என்று எண்ணுகிறேன். சரியான ஜாக்கிரதை.

உங்களுடன் ஸ்டாலினுக்குப் பத்தாயிரம் முகாம்கள், ஊரகத்தில் 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாளில் தீர்வு என்று அறிவித்தார்கள். நானும் போனேன். பந்தல், நாற்காலி, தண்ணீர் பாட்டில், வரிசைக்கு டோக்கன், எல்லாம் கல்யாண வீடு தோற்றது. அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் வைகையில் மனுக்கள் மிதந்தன. அலுவலர்கள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வைகையில் ஏடு விடுவது நம் மரபு. திருஞானசம்பந்தர் புனல் வாதத்தில் விட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்து ஏறித் திருவேடகத்தில் நின்றது என்பார்கள். அவர் விட்டது பதிகம், அதனால் மேலே ஏறியது. மனு என்பது மேலிருந்து கீழே அனுப்பப்படும் பொருள். அது ஓட்டத்தோடு போனதுதான் முறை.

முறையை நான் அருகிலிருந்தே பார்த்தேன். முகாமில் கொடுத்த என் மனு மேலே போய், அங்கிருந்து கலெக்டர், டி.ஆர்.ஓ., ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று வளைவு வளைவாக இறங்கியது. எந்த மேசையில் என் முதல் மனுவைக் கோந்து தடவி ஒட்டினார்களோ அதே மேசைக்கு, 'உரிய நடவடிக்கைக்காக' வந்து சேர்ந்தது. அங்கே ஓர் அறிக்கை எழுதப்பட்டு, அதே வளைவுகளில் மேலேறிப் போனது. ஏற்காட்டுப் பெரிய ரோட்டில் ஏற இருபது, இறங்க இருபது. என் மனு அதைவிடக் கொஞ்சம் குறைவான வளைவில் காரியத்தை முடித்துவிட்டது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 45 நாளும் ஆகவில்லை. குறுஞ்செய்தி வந்தது. பட்டாதாரரின் வாரிசுச் சான்று இணைக்கப்படாததால் மனு முடிவு செய்யப்பட்டது.

பட்டாதாரர் அம்மன். அம்மனுக்கு வாரிசுச் சான்று வாங்க வேண்டுமானால் முதலில் இறப்புச் சான்று வேண்டும். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போனில் அழைத்தாள். குரலில் அவ்வளவு மரியாதை. "சார், உங்க மனு தீர்வு ஆயிடுச்சுன்னு வந்திருக்குங்க சார். உங்களுக்குத் திருப்திங்களா?"

"இல்லம்மா."

"சரிங்க சார், இல்லைன்னு போட்டுக்கறேன். நன்றிங்க சார்." போட்டுக்கொண்டிருப்பாள். அதற்கும் ஒரு எண் விழுந்திருக்கும்.

ஒரேயொரு முறை அரசாங்கம் கை தவறி நிஜமாகவே மாறிவிட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக ஊர்க் கணக்கைக் குடும்பச் சொத்தாக வைத்திருந்த இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் சாதாரண மனிதர்களானார்கள். அதன்பின் பரீட்சை எழுதி வந்த வெளியூர்ப் பையனும் பெண்ணும் கிராம நிர்வாக அலுவலரானார்கள், எந்தச் சாதிக்காரரும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றானது. பலகை மாட்டவில்லை, பழைய பாதையையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட அசம்பாவிதம் அதன்பின் நிகழாமல் பார்த்துக்கொண்ட எல்லாக் கட்சி அரசுகளுக்கும் நன்றி உரித்தாகுக. 2022 அக்டோபரில் அரசாணை 115 போட்டு, மனிதவளச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தபோது எனக்குக்கூடக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஊழியர் சங்கங்கள் கொதித்ததும் ஆய்வு வரம்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதை ஆராய்வது என்பதை மட்டும் எடுத்துவிட்டுக் குழுவை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எளிதில் யாருக்கும் தோன்றாது.

டெல்லியின் நிதானத்தையும் ஒரு வார்த்தை. 1966இல் முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் லோக்பால் வேண்டும் என்றது. சட்டம் 2013இல் நிறைவேறியது, முதல் லோக்பால் 2019 மார்ச்சில் பதவி ஏற்றார். ஐம்பத்து மூன்று வருஷம். நி.மு. கோப்புதான் போலிருக்கிறது. நம் பங்குக்குத் தமிழ்நாடு 1997இலேயே, நாட்டிலேயே முதலாவதாக, தகவல் பெறும் உரிமைச் சட்டம் போட்டது. எந்தெந்தத் தகவலைத் தர வேண்டாம் என்று இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளைக் கூடவே வைத்ததால் அது யாரையும் துன்புறுத்தவில்லை. சேவை பெறும் உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010இல் போட்டது, குறித்த நாளில் வேலை முடியாவிட்டால் அதிகாரிக்கு அபராதம். கர்நாடகம் அடுத்த வருஷமே சட்டம் போட்டு, சகாலா என்று கிளம்பிவிட்டது. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேலாக நாம் அந்த அவசரத்தில் சிக்காமல் இருந்தோம். தேர்தல் அறிக்கையில் மட்டும் அது தலை காட்டியது.

இதையெல்லாம் வைத்து வேகம் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2020 மே 7 அன்று ஊரடங்குக்கு நடுவே டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்சநீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். 16ஆம் தேதி கடை திறந்தபோது கிழமைக்கு ஒரு நிறத்தில் டோக்கன், கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர், கம்பு கட்டி வரிசை, வட்டம் போட்டு இடைவெளி எல்லாம் தயார். ஓடிபி இல்லை, வாரிசுச் சான்று இல்லை, எந்தப் பாறைமேலும் யாரும் ஏற வேண்டியதில்லை. பத்தே நாளில் மேல்முறையீடு, தீர்வு, சேவை வழங்கல். நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னதும், கடையை நகர்த்துவதைவிட ரோட்டின் பெயரை மாற்றினால் என்ன, மாநிலச் சாலையை உள்ளாட்சிச் சாலையாக்கினால் என்ன என்றுகூட யோசித்து, அதற்கும் நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு முழு நெடுஞ்சாலையைத் தெருவாக்கும் வல்லமை படைத்தவர்களிடம் போய் இரண்டே எழுத்தை மாற்றித் தரக் கேட்டது என் அறியாமைதான்.

இன்னொரு வேகமும் உண்டு. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. மனுநாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல், பல தடவை மனுக் கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. நிர்வாகம் உடனே பாடம் கற்றுக்கொண்டது. மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் மண்ணெண்ணெய்ச் சோதனை வந்தது. பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள், மஞ்சப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் போன ஒரு திங்கட்கிழமை, வெயிலில் நின்றிருந்த பெண் காவலர் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "போங்கய்யா" என்று மூடிக் கொடுத்தார். கையிலிருந்த மனுவை அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை. உள்ளேயும் அதை அவ்வளவு கவனமாக யாரும் மோந்து பார்த்ததாக நினைவில்லை.

போன மழையில் பெரிய ரோடு அடைபட்ட நாட்களில் எங்கள் சாவடிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு நல்ல வியாபாரம். ரோடு சரியானதும் நான் போனபோது கடையில் நானும் ஒரு நாயும்தான். தகரப் பலகை மட்டும் வாசலில் சுவரோரம் சாய்ந்து நின்றது. அம்புக்குறி மேலே வானத்தைக் காட்டியது.

"இதை எடுத்துட்டுப் போகலீங்களாக்கா?"

"கேட்டேனுங்க. அடுத்த மழைக்கு இங்கதான வரணும், எதுக்கு வீணாத் தூக்கிச் சுமக்கறது, இங்கியே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, பலகையை இரண்டு செங்கல்மேல் படுக்க வைத்தார். சீலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்து, முறத்திலிருந்த மிளகாயை அதன்மேல் பரப்பினார். 'மாற்றுப்' வரை மறைந்துவிட்டது. 'பாதை' வெயிலில் கிடந்தது.